விலைக்கு வாங்கிய மரணம்

கனடிய இயக்குநர் பிராண்டன் குரோனன்பர்க்கின் ‘இன்ஃபினிட்டி பூல்’ என்னும் திகில் படம் 2023-இல் வெளிவந்தது. லீ டோல்கா என்பது கற்பனை நாடு. அங்கே முள்வேலிக்குள் ஒரு சொகுசு விடுதி. விருந்தினர் வேலியைத் தாண்டலாகாது. தாண்டிச் சென்ற எழுத்தாளன் ஜேம்ஸ், இரவில் கார் ஓட்டித் திரும்புகையில் ஓர் உழவனை மோதிக் கொன்றுவிடுகிறான். அந்நாட்டுச் சட்டப்படி, இறந்தவனின் மூத்த மகன் கையாலேயே அவன் மாள வேண்டும். ஆயினும் பொருள் படைத்த அயலார்க்கு ஒரு வழியுண்டு. பணம் கட்டினால், அவர்தம் உருவும் நினைவும் கொண்ட நகல் மனிதனை ஆக்கித் தருவர். அவன் குத்துண்டு சாவான். குற்றவாளி அமர்ந்து பார்க்கலாம்!

திரையில் ஓடும் குருதியினும் இந்த ஏற்பாடே நம்மை நடுங்கச் செய்கிறது. உயிருக்கு ஈடாகப் பொருள் கொடுக்கும் வழக்கம் பண்டைச் சட்டங்கள் பலவற்றில் உண்டு. அப்பொருள் இறந்தவரின் குடும்பத்தைச் சேரும். இங்கோ பணம் அரசுக்கு. மகன் கையில் மிஞ்சுவது கத்தி மட்டுமே. அவன் கொன்றது தன் தந்தையைக் கொன்றவனையா, நகலையா? அதன்பின் ஜேம்ஸுக்கும் அவனுடைய செல்வத் தோழர்களுக்கும் குற்றமே பொழுதுபோக்காகிறது.

நம் மனக்குறை ஒன்று. மழைக்காலம் வந்து விடுதி வெறிச்சோடும் இறுதிக் காட்சி வரை, இயக்குநர் ஜேம்ஸின் சீரழிவையே பின்தொடர்கிறார். அவ்வுழவனின் வீட்டுப் பக்கம் காமிரா திரும்பவேயில்லை.