பென் டிரைவைப் பிடுங்காதீங்க!

புனேவுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. போன பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புற அவசரத்துல, அப்பா இருந்தப்ப எடுத்த நாலு வீடியோவைப் பென் டிரைவ்ல போட்டேன். நமக்கு லினக்ஸ் புதுசு. காப்பி ஆகுற கோடு கடைசி வரைக்கும் ஓடினதும் படக்குனு உருவிட்டேன். ஊர்ல அம்மா ஆசையா டிவி முன்னாடி உட்கார்ந்தாங்க... ரெண்டு வீடியோ திறக்கவே இல்லை. அம்மா ஒண்ணும் சொல்லலை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நல்லவேளை, ஒரிஜினல் கம்ப்யூட்டர்ல பத்திரம்.

லினக்ஸைத்தான் திட்டினேன். தப்பு என்னுது. எழுத வேண்டியதை லினக்ஸ் முதல்ல ராம்ல வச்சுக்கிட்டு, அப்புறம் மெதுவாத்தான் பென் டிரைவுக்கு அனுப்பும். கோடு முடிஞ்சா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. 'ஈஜெக்ட்' அழுத்தி, எடுக்கலாம்னு அது சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். டெர்மினல்ல 'யுமவுண்ட்' கட்டளை ('யு'வுக்கு அடுத்து 'என்' கிடையாது, ஜாக்கிரதை!).

பென் டிரைவே திறக்கலையா? அது எக்ஸ்ஃபேட் வகையா இருக்கலாம். 2019-ல் வந்த 5.4 கெர்னல்லேர்ந்து அதுக்கு லினக்ஸ்லயே வழி இருக்கு. அதுக்கும் பழசுன்னா தனியா ஒரு பேக்கேஜ் போடணும்.

லினக்ஸ் கஷ்டம்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். புதுசா வர்றவங்ககிட்ட நாம கட்டளைப் பட்டியலை நீட்டுறோமே, அதுதான் கோளாறு. முதல் பாடமா 'உருவுறதுக்கு முன்னாடி ஈஜெக்ட்'னு சொல்லிக் கொடுங்க. ஊர்ல யாரோ டிவி முன்னாடி காத்துக்கிட்டிருப்பாங்க.