பட்டறைக்குத் தனி லைன், கம்ப்யூட்டருக்குத் தனி லைன்!

1962 முதல் மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலி, எங்கள் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் கம்ப்யூட்டருக்குச் சீரான கரண்ட் கிடைப்பது உங்கள் வீட்டு ஒயரிங்கைப் பொறுத்தது. வீட்டோடு வெல்டிங் பட்டறையும் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் மெஷின் அதிகக் கரண்ட் இழுக்கும். அதே லைனில் கம்ப்யூட்டர் இருந்தால் வோல்டேஜ் இறங்கி, அது ரீஸ்டார்ட் ஆகலாம். சேவ் செய்யாத ஃபைல் போய்விடும்.

எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனால், "பெரிதாக 32 ஆம்பியர் போடுங்கள்" என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பதற்கு. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், ட்ரிப் ஆகும் முன்பே ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மெஷினின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 200 ஆம்பியர் என்பது ராடுக்கு வரும் கரண்ட். நமக்கு வேண்டியது இன்புட் கரண்ட். எம்.சி.பி. அதைவிடக் குறையக்கூடாது, செம்பு ஒயர் அந்த எம்.சி.பி.யைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஸ்விட்ச் போடும்போது மட்டும் ட்ரிப் ஆனால், ஆம்பியரைக் கூட்டாமல் வகையை மாற்றுங்கள். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே உடனே ட்ரிப் ஆகும். சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும்தான்.

என்னைக் கேட்டால், பட்டறைக்கு மின்வாரியத்திடம் தனி இணைப்பே வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், நல்ல எர்த், யு.பி.எஸ். போதும். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்!