டிஜேவிடம் பேரம் பேசிப் பாருங்களேன்

புளியஞ்சோலைப் பக்கம் கல்யாணம் என்றால் இப்போது முதலில் பேசுவது ட்ரோனைப் பற்றித்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் அய்யாற்றில் கால் நனைக்க, பின்னால் கொல்லிமலை தெரிய வேண்டும். அதற்குக் கேட்ட பணம். வாசலில் செண்டை, ராத்திரி டிஜே, அவற்றுக்கும் கேட்ட பணம். நாயனம் என்று வந்ததும்தான் வீட்டுப் பெரியவருக்குச் சிக்கனம் ஞாபகம் வரும். “ரெண்டு பேரு போதும்ப்பா. தாலி கட்டுற நேரத்துக்கு ஊதினாச் சரி.”

இத்தனைக்கும் துறையூர், மண்ணச்சநல்லூர் வழியாகப் போனால் ஸ்ரீரங்கம். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா குடியேறிய ஊர். ஒங்கோல் பக்கத்துக் கரவடியில் 1924இல் பிறந்தவர். அந்தச் சீமையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்துக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்து வந்திருக்கின்றன. அந்த வழியில் வந்தும், அது போதாதென்று நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியையும் கற்றார். 1977இல் பத்மஸ்ரீ. 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் தொடங்கினார். 1998இல் சங்கீத கலாநிதி. அவரிடம் பயின்ற மகபூப் சுபானி, காலீஷாபி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே கைதட்டல். மத நல்லிணக்கமாம், புல்லரிக்கிறதாம்! அதே ஆட்கள்தான் கல்யாண வீட்டில், “மேளக்காரங்க கடைசிப் பந்தியில உக்காரட்டும்” என்கிறார்கள். ஊதுகிறவர் எந்த மதமானாலும் பந்தி அதேதான். அதில் மட்டும் நல்லிணக்கம் குறையவே இல்லை.

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர் பக்கம் மாங்கணியார் என்ற முஸ்லிம் பாடகர்கள் உண்டு. ராஜபுத்திர வீடுகளுக்குப் பரம்பரையாகப் பாடுகிறவர்கள். அந்த வீட்டு வம்சாவளியே அவர்கள் வாயில் இருக்கும். பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் அவர்களுக்கு உரியதைக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. அங்கும் அது தேய்ந்துதான் வருகிறது. ஆனாலும் ‘எங்கள் ஜஜ்மான்’, அதாவது எங்கள் புரவலர், என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. இங்கே கோயில், மடம், ஜமீன் எல்லாம் ஆதரித்த காலம் போய், மண்டபம் பிடிக்கிற நாம்தான் புரவலர்கள். லட்சணத்தைப் பாருங்கள்.

சரி, வாசிக்கவாவது விடுகிறோமா? கல்யாணியை எடுத்து மனிதர் மேலே போகும் நேரம் பார்த்து யாராவது ஒரு மாமா விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்பார், தாலியே இன்னும் தட்டில் சுற்றி வந்திருக்காது. சீவாளியைச் சரிசெய்தால் போட்டோகிராபர், “அண்ணே, பிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க” என்கிறார். தவிலைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கச்சேரியும் தூணுக்குப் பின்னால் போகிறது.

கடைசியில் கணக்கு. பேசின தொகையில் ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, “அதான் நல்லாச் சாப்டீங்கல்ல?” என்று சிரிப்பு வேறு. டிஜேவிடம் இப்படி ஒருமுறை சிரித்துப் பார்க்கட்டுமே. முழுப் பணமும் கைக்கு வராமல் அவன் வண்டியிலிருந்து பெட்டியையே இறக்க மாட்டான்.