கொடைக்கானல்ல கொத்து பரோட்டாவா பாஸ்?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்னு மொத்த கிளாஸும் கொடைக்கானலுக்குக் கிளம்பியாச்சு. லேக்கில் போட்டிங், தூண் பாறையில் குரூப் போட்டோ, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' புண்ணியத்தில் குணா குகை... பிளான் எல்லாம் பக்கா. சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறீங்க? காலையில் பூரி, மதியம் ஃப்ரைடு ரைஸ், ராத்திரி கொத்து பரோட்டா, நடுவில் ரெண்டு தடவை மேகி. கரெக்டா? இதைச் சாப்பிட எதுக்கு பாஸ் 7,000 அடி ஏறணும்? காலேஜ் கேன்டீன்லயே கிடைக்குதே!

இத்தாலியில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாராவது கப்புச்சினோ கேட்டால், 'ஆள் வெளியூர்'னு கடைக்காரர் கண்டுபிடிச்சிடுவார்னு சொல்வாங்க. பால் ஊத்தின காபி அங்கே காலை நேரத்து ஐட்டம். ஊர்க்காரர் மாதிரி சாப்பிடறதுன்னா இதுதான். காஸ்ட்லியான ஐட்டத்தைத் தேடறது இல்லை. அந்த ஊரில் எது விளையுது, எப்போ விளையுது, அதை எப்படிச் சாப்பிடறாங்கன்னு தெரிஞ்சுக்கறது. கொடைக்கும் அதே ரூல்தான்.

பாதி மலையிலேயே ஆரம்பிங்க

வத்தலக்குண்டு வழியா ஏறும்போது சாலையோரக் கடைகளில் குட்டையா, குண்டா, தோல் தடிச்ச வாழைப்பழம் தொங்கும். கறுத்த புள்ளியைப் பார்த்து 'அழுகல்'னு ஒதுக்கிடாதீங்க. அதுதான் மலைவாழை. தோலை உரிச்சதும் பஸ்ஸே மணக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களில் ஊடுபயிரா வளர்றது. இதில் விருப்பாட்சி ரகத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு.

பழனி பஞ்சாமிர்தத்தின் உயிரும் இந்தப் பழம்தான். இதில் ஈரப்பதம் கம்மி. நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் சேரும். ஒரு சொட்டு தண்ணீர் சேராது. அதனால்தான் ஃப்ரிட்ஜ் இல்லாமலே பஞ்சாமிர்தம் தாங்குது. 2019-ல் அதுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சது. சாமி பிரசாதமாத்தான் நமக்கு அது தெரியும். அதுக்குள்ளே ஒரு மலையோட விவசாயம் இருக்குங்கறது தெரியுமா? முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழை ஏகப்பட்ட இடத்தில் அழிஞ்சு போச்சு. இன்னிக்கும் போராடித்தான் வளர்க்கறாங்க. நீங்க வாங்கற ஒரு சீப்பு அவங்களுக்குப் பெரிய ஆதரவு.

ஞாயித்துக்கிழமை ஷாப்பிங்

முடிஞ்சால் டூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிற மாதிரி பிளான் போடுங்க. அன்னிக்குத்தான் கொடையில் வாரச்சந்தை. சுத்துவட்டார கிராமங்கள் மொத்தமும் இறங்கி வரும். கேரட், பீன்ஸ், டபுள் பீன்ஸ், சௌசௌ, முட்டைக்கோஸ்... ஸ்வெட்டர் கடை வாசலில் நிக்கிற நேரத்தில் பாதியை இங்கே செலவழிங்க. கோடையில் போனால் பிளம்ஸ், அதுக்கு அடுத்து பேரிக்காய். சீஸன் இல்லாத பழத்தை யாராவது 'லோக்கல்'னு நீட்டினால், எந்த ஊர்த் தோட்டம்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதிலில் தெரிஞ்சிடும்.

வெண்ணெய்ப்பழம், அதாங்க பட்டர் ஃப்ரூட், சிட்டி காபி ஷாப்பில் அவகாடோ டோஸ்ட்டா மாறி பர்ஸைப் பழுக்க வைக்கிற அதே பார்ட்டிதான். இந்த மலையில் அது காபித் தோட்டத்து மரம். இங்கே தடியன்குடிசையில் இருக்கிற ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கு. ரெண்டா வெட்டி, கொட்டையை எடுத்துட்டு, சர்க்கரை தூவி ஸ்பூனால் சாப்பிடுங்க. டோஸ்ட் தேவையே இல்லை.

பூண்டுக்கு ஒரு ஓ போடுங்க!

கொடையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி பூம்பாறை. படிப்படியா வெட்டின வயல்களை எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. அந்தப் படிகளில் விளையறது பூண்டுன்னு எத்தனை பேர் கவனிக்கறாங்க? கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2018-ல். காரமும் மணமும் தூக்கல். பக்குவமா வெச்சால் மாசக்கணக்கில் கெடாது. மலையிலிருந்து இறங்கி வடுகபட்டிச் சந்தையில் விலை போகும். நல்ல மெஸ்ஸா பார்த்து, "இன்னிக்குப் பூண்டுக்குழம்பு இருக்காண்ணே?"ன்னு கேட்டுப் பாருங்க. குளிரில், சுடுசோத்தில் அதை ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டவன் மேகி பக்கம் திரும்ப மாட்டான். வீட்டுக்குச் சாக்லேட் வாங்கற காசில் அம்மாவுக்குக் கால் கிலோ பூண்டு. அம்மா முகத்தைப் பாருங்க அப்புறம்!

ஒரு சயின்ஸ் மேட்டர்: இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால் பருப்பும் அரிசியும் வேக நேரம் பிடிக்கும். நாற்பது பேர் திடீர்னு போய் நின்னு "சீக்கிரம்ணே"ன்னு கத்தினால் நடக்காது. காலையிலேயே சொல்லி வைங்க. மெஸ்காரர் அவங்க வீட்டுச் சமையல் மாதிரியே பண்ணித் தரவும் சான்ஸ் இருக்கு.

எது லோக்கல்?

'சௌசௌவும் அவகாடோவும் மெக்சிகோ பக்கத்து ஐட்டமாச்சே, அது எப்படி லோக்கல்?'னு பாட்டனி டிபார்ட்மென்ட் கேட்கலாம். நியாயம்தான். கொடைக்கானல் டவுனே 1845-ல் மதுரை வெயில், காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக்கிட்டதில் ஆரம்பிச்சதுதான். அவங்களுக்கு முன்னாடியே கிழங்கும் தேனும் எடுத்துக்கிட்டு பளியர்கள் இந்தக் காட்டில் வாழ்ந்திருக்காங்க. திபெத்தியர்கள் வந்து மோமோ கடை போட்டாங்க. எது எங்கே பிறந்ததுங்கறது முக்கியமில்லை பாஸ். இந்த மண்ணில் வேர்வை சிந்தற கைக்குக் காசு போகுதாங்கறதுதான் லோக்கலுக்கு டெஸ்ட். வயலை வாங்கி காட்டேஜ் கட்ட ஆள் எப்பவும் ரெடி. பூண்டுக்கும் பழத்துக்கும் நல்ல விலை கிடைச்சால்தான் அந்த வயல் வயலா இருக்கும்.

உஷாரய்யா உஷாரு!

யாராவது காதோரமா வந்து 'காளான் வேணுமா?'ன்னு கேட்டால் அது லோக்கல் ஃபுட் இல்லை, லாக்கப் ஃபுட். போதைக் காளானில் இருக்கிற சைலோசைபின், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வர்ற சரக்கு. டிகிரியும் போகும், உடம்பும் போகும்.

தண்ணிக்கு வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. சாப்பிட்ட கவரைத் தூக்கி வீசினால் அடுத்து அதை மேயறது ஊருக்குள்ளே வர்ற காட்டுமாடு. அப்புறம், சொந்த வண்டி, வேன்னா 2024 மே 7-லிருந்து இ-பாஸ் கட்டாயம் ஆக்கினாங்க; கிளம்பறதுக்கு முன்னாடி இப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கோங்க. அரசு பஸ்ஸுக்கு அந்தத் தலைவலி இல்லை.

திரும்பும்போது பழனி வழியா இறங்குங்க. அடிவாரத்தில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். ஏறும்போது சாப்பிட்ட மலைவாழை அதில் எங்கே இருக்குன்னு நாக்கே கண்டுபிடிச்சுச் சொல்லும். கண்டுபிடிச்சிட்டீங்கன்னா, டூர் பாஸ்!