நடக்க ஒரு வழி வேண்டும்!

பெருநகரில் குடியிருப்பது நன்றா, நகருக்குப் புறத்தே உள்ள ஊரில் குடியிருப்பது நன்றா என்னும் கேள்வி இன்று நம்மவர் வீடுதோறும் எழுகின்றது. உத்தியோகத்தர் இடமாற்றம் கேட்கும்போதும், பெற்றோர் பிள்ளைகளின் கல்வியை எண்ணும்போதும், விவசாயி தன் காணியை விற்பதா வைத்திருப்பதா என்று மயங்கும்போதும் இதுவே முன்நிற்கின்றது. சம்பளத்தையும் கல்லூரியையும் கொண்டே பலரும் விடை காண்பர். நாம் வேறு இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று உணவு, மற்றையது, வேண்டியதை நடந்து சென்று அடையும் வசதி. இவை அற்பமானவை அல்ல. மனிதன் நாள்தோறும் உண்கிறான், நாள்தோறும் நடக்கிறான்.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதி வழியாக வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால், நிலாவெளியை அடுத்து இருப்பது இறக்கக்கண்டி. கடலும் களப்பும் கூடும் இடத்திலே, தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர் அது. காலையில் கரைக்கு வந்த மீன் நண்பகலில் கறியாகின்றது. களப்பு தரும் இறாலும் நண்டும் உண்டு. வேலியில் முருங்கை உண்டு. வளவில் தென்னை உண்டு. ஐஸ் காணாத மீனின் சுவையைப் பட்டினத்தார் பணம் கொடுத்தாலும் எளிதிற் பெறுவதில்லை.

கொழும்பில் நம்மவர் நிறைந்து வாழும் வெள்ளவத்தையைப் பாருங்கள். அங்கு மீன் வருவது பெரும்பாலும் பேலியகொடை மொத்தச் சந்தை வழியாக. புறக்கோட்டையில் இருந்த சந்தை 2011இல் அங்கு மாற்றப்பட்டது. காய்கறிகளிற் பெரும்பங்கு, 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைத் தாண்டி வருகின்றது. பல கைகள் மாறிய பண்டம் அது. ஒவ்வொரு கையும் தன் கூலியை அதன் தலையில் ஏற்றியே அனுப்புகின்றது. விளைவித்தவனுக்கும் இலாபம் இல்லை; உண்பவனுக்கும் மலிவு இல்லை.

ஆயினும், இரண்டாவது அளவுகோலைக் கையில் எடுத்தவுடன் தராசு மறுபுறம் சாய்கின்றது. வெள்ளவத்தையில் வாழும் முதியவர் ஒருவர் எவர் துணையுமின்றிக் காலி வீதிக்கு நடந்து சென்று மருந்து வாங்கலாம், சந்தைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தை 57ஆம் ஒழுங்கையில் அடையலாம். புகையிரத நிலையமும் கடற்கரையும் அருகிலேயே உள்ளன. மாலையில் இடியப்பமும் சம்பலும் வாங்க மோட்டார் வண்டி எதற்கு? புகையும் இரைச்சலும் உண்டு என்பது மெய். ஆனால் அங்கு நடப்பவன் ஒரு மனிதனாகக் கணிக்கப்படுகின்றான்.

இறக்கக்கண்டியிலோ, பெருவீதி வண்டிகளுக்கென அமைந்தது. நடப்பவனுக்கு அதன் ஓரமே கதி. லொறிகளும் பஸ் வண்டிகளும் விரையும் வழியிலே பள்ளிப் பிள்ளையும் கூடை சுமந்த பெண்ணும் ஒதுங்கி ஒதுங்கிச் செல்லவேண்டும். பெரிய வைத்தியசாலைக்கும் கந்தோருக்கும் திருமலைக்கே போகவேண்டும். பஸ் தவறினால் முச்சக்கர வண்டிக்காரர் கேட்பதே கூலி. பட்டினத்தானுக்கு வழி உண்டு, வளம் இல்லை; ஊரானுக்கு வளம் உண்டு, வழி இல்லை. இதுவே இன்றைய நிலை.

இந்நிலையின் ஆபத்தைக் காலம் நமக்குக் காட்டிவிட்டது. 2020 ஒக்டோபரில் தொற்றுநோயால் பேலியகொடைச் சந்தை மூடப்பட்டபோது கொழும்பின் மீன் விநியோகம் குலைந்தது. 2022 ஜூன் இறுதி முதல் ஏறத்தாழ இரு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெய்ப் படகை நம்பிய மீனவன் கலங்கினான். நீர் இறைக்கும் விவசாயியும் கலங்கினான். கடை வாசலுக்கு நடந்து செல்லக்கூடியவன் அங்கே பண்டமின்றி நின்றான். பண்டம் உள்ளவன் அதை விற்கச் செல்ல வழியின்றி நின்றான். எண்ணெயை நம்பிய வாழ்வு எவ்வளவு நொய்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

“ஊரையும் பட்டினமாக்கிவிட்டால் குறை தீரும்” என்பர் சிலர். அது மருந்தன்று, வேறொரு நோய். காணி விலை ஏறும், வேலிகள் உயரும், விடுதிகள் பெருகப் பெருக, மீனவன் கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் மறையும். 1921இல் கொழும்புக்குத் திட்டம் வகுத்த அறிஞர் பற்றிக் கெடிஸ் அதனைப் பூங்கா நகராகக் காண விழைந்தார். பாரிஸ் நகரோ, கால் மணி நேர நடைக்குள் தேவையனைத்தும் கிட்டவேண்டும் என்ற கொள்கையை அண்மையிலே ஏற்றது. பெருநகரங்களே ஊரின் நிழலையும் அண்மையையும் தேடும்போது, நாம் அவற்றை இழந்து பட்டினத்தின் நெரிசலை வாங்குவதா?

பட்டினத்துக்குக் களப்பைக் கொண்டுபோக எவராலும் இயலாது. ஊருக்கு நடைபாதையைக் கொண்டுவர இயலும். ஆதலின் நாம் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. பெருவீதியின் ஓரத்தே, பாலத்திலிருந்து நிலாவெளி வரை, மரநிழலுடன் உயர்த்திய நடைபாதையொன்றை வீதி அபிவிருத்தி அதிகார சபை அமைக்கட்டும். மீனவரும் தோட்டக்காரரும் லொறிக்கு ஏற்றுமுன் ஊராருக்கு நேரே விற்கத்தக்க காலைச் சந்தைக்குக் குச்சவெளிப் பிரதேச சபை வழிசெய்யட்டும். கடலுக்கும் களப்புக்கும் செல்லும் பாதைகளை, காணி கைமாறுமுன்னரே, அளந்து வரைபடத்திற் பதியட்டும். பள்ளி நேரத்துக்கும் வைத்தியசாலை நேரத்துக்கும் இசைய பஸ் வண்டிகள் ஓடட்டும்.

வாக்குக் கேட்டு வருவோர் பாலங்களையும் வீதிகளையும் எண்ணிக் காட்டுகின்றனர். அவ்வீதியில் ஒரு மூதாட்டி அச்சமின்றி நடந்து சென்று அரைக் கிலோ மீன் வாங்கி வர முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். ஊரை விட்டுப் போகும் இளைஞரைத் தடுத்து நிறுத்த ஆயிரம் பேச்சு வேண்டியதில்லை. அவர்கள் கால் வைக்க ஓர் அடி அகல வழி வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, படித்த உத்தியோகத்தருக்கும் உழைக்கும் விவசாயிக்கும் ஒருங்கே உரியதன்றோ?