நெய்தல் போதும் என்கிறவர்களுக்கு

அம்பத்தூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிக் கூட்டம். ஆங்கிலக் கடற்கதைப் பாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 'நமக்குத்தான் நெய்தல் திணையே இருக்கிறதே, மாலுமிகளின் கூச்சல் எதற்கு?' என்றார் ஒரு கவிஞர். பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தப் பதில்.

நெய்தல் கரையில் நிற்கிற கவிதை. இரங்குகிறவள் மணலில் இருக்கிறாள். போனவன் அலைக்கு நடுவே என்ன பார்த்தான் என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் சொல்லப்படுவதில்லை. சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மறுபடி கடலுக்குப் போனதைச் சொல்லும் குறுந்தொகைப் பாட்டு உண்டே என்பார்கள். உண்டு. காதலன் வர இதுவே சமயம் என்று சொல்லத்தான் அங்கே அந்தச் சுறா வருகிறது. மணிமேகலையில் சாதுவனின் கப்பல் உடைகிறது. பாய்மரத்துண்டைப் பற்றி அவன் நாகர் தீவில் ஒதுங்குகிறான். சாத்தனாருக்கு அவசரம், தர்மோபதேசம் காத்திருக்கிறது.

'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (ஸ்காட்லாந்துப் பாட்டு என்று திருத்துவார்கள், திருத்தட்டும்.) 1765இல் பெர்சி பாதிரியார் அச்சேற்றியது. அரசன் மது அருந்தியபடி நல்ல மாலுமி யார் என்று கேட்கிறான். கடிதம் போகிறது. படித்தவன் முதலில் சிரிக்கிறான், பிறகு கண் கலங்குகிறான். கடலேறும் பருவமல்ல என்று அவனுக்குத் தெரியும். போகிறான். மூழ்குவதைப் பாட்டு வர்ணிப்பதில்லை. பிரபுக்களின் தொப்பிகள் நீர்மேல் மிதக்கின்றன, அவ்வளவுதான். பாடுகிறவன் அழுவதில்லை. கோலரிட்ஜ் 1802இல் தன் சோகப் பாட்டின் தலைப்பில் இதன் வரிகளை வைத்துக்கொண்டது சும்மா இல்லை. 'கோல்டன் வேனிட்டி' இன்னும் கொடூரம். எதிரிக் கப்பலைத் துளையிட்டு மூழ்கடித்துவிட்டு நீந்தி வரும் பையனை, பரிசு சொன்ன காப்டனே ஏற்றிக்கொள்ள மறுக்கிறான். வர்க்கம் வர்க்கம் என்கிற நம் நண்பர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் எச்சரிக்கைக்கு வெகுநாள் முன்பே ஆழ்கடலில் இருந்தன. அதைப் பற்றி நான் படித்த கவிதைகளில் கண்ணீர் இருந்தது, கடல்தாய் இருந்தாள், அரசைச் சபித்தலும் இருந்தது. படகு இல்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக் கிடந்தவன் எதை எண்ணிக்கொண்டிருந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. உரைநடை 2004லேயே, ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'வில், நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதர்களோடு மிதந்துவிட்டது. கவிதைக்கு இன்னும் கால் நனையவில்லை.

மூலதனம் இல்லாமலா? கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டை 'தொழிற்பாடல்' என்று தலைப்பிட்டு, ஏற்றப்பாட்டுக்கும் நடவுப்பாட்டுக்கும் பக்கத்தில் அடுக்கி, பரீட்சைக்கு அனுப்பிவிட்டோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த பாஷை இது. உயிர் போகிற இடத்தில் உண்டான சொற்கள். நவீன கவிஞனுக்கு 'காற்று' ஒன்றே போதுமாக இருக்கிறது.

நானும் ஏரிக்கரைவாசிதான், கடல் சத்தம் என் வீட்டுக்குக் கேட்காது. அதனால் மீனவனாக வேஷம் போடச் சொல்லவில்லை. வேஷம்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

அன்று அந்தக் கவிஞர் வாசித்த கவிதையில் 'கடல்' ஒன்பது தடவை வந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டேன். அது குறியீடு என்றார்.