கிளாரிஸ் எங்கே போனாள்?

புகழ்பெற்ற நூல் ஒன்றைப் படித்துவிட்டு, அது ஏமாற்றம் தந்தது என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலைப் பற்றி நான் அப்படித்தான் சொல்லவேண்டியுள்ளது.

புத்தகம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட எதிர்கால அமெரிக்காவில் கதை நடக்கிறது. அங்கே தீயணைப்பு வீரர்களின் வேலை தீயை அணைப்பதன்று. புத்தகங்களைத் தேடிப் பிடித்து எரிப்பது. மோன்டாக் அவர்களுள் ஒருவன். அவனுடைய மனைவி மில்ட்ரெட், சுவர் அளவு தொலைக்காட்சிகளில் மூழ்கிக் கிடக்கிறாள். இரவில் காதுக்குள் சிறு வானொலியைச் செருகிக்கொண்டு படுத்திருக்கிறாள். இயர்போன் இல்லாமல் பேருந்தில் ஏறாத நமக்கு, 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை எழுதிவிட்டார் என்பது வியப்பளிக்கும். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

ஆனால், என் மனத்தைக் கவர்ந்தவள் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ். பதினேழு வயதை நெருங்குபவள். மழையில் நனைந்தபடி நடப்பதில் அவளுக்கு அப்படியோர் ஆசை! மோன்டாக்கைப் பார்த்து, அவன் மகிழ்ச்சியாக இருக்கிறானா என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வி அவனை உலுக்கிவிடுகிறது. கதையும் அங்கேதான் உயிர்பெறுகிறது. அப்படிப்பட்டவளை ஆசிரியர் முதல் பகுதியிலேயே காணாமற்போகச் செய்துவிடுகிறார். கார் மோதி இறந்திருக்கலாம் என்று மில்ட்ரெட் போகிற போக்கில் சொல்கிறாள். அவ்வளவுதான்! அடுத்தடுத்த பக்கங்களில் அவளைத் தேடித் தேடி நான் ஏமாந்தேன்.

அவளுடைய இடத்தை நிரப்புவது வெறும் பேச்சு. தீயணைப்புத் தலைவர் பீட்டி பக்கம் பக்கமாக விளக்குகிறார். பிறகு முன்னாள் பேராசிரியர் ஃபேபர் விளக்குகிறார். இறுதியில், நூல்களை மனப்பாடம் செய்து காப்பாற்றும் குழுவைச் சேர்ந்த கிரேஞ்சர் விளக்குகிறார். மோன்டாக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், நாமும்தான். கேள்வி கேட்பதை விரும்பாத சமுதாயத்தைக் கண்டிக்கும் கதையிலேயே, கேள்வி கேட்டவளைவிட விளக்கம் சொல்பவர்களுக்குத்தான் அதிக இடம் கிடைக்கிறது.

கிளாரிஸ் சட்டென்று மறைவதுதான் அந்தச் சமுதாயத்தின் கொடுமையைக் காட்டுகிறது என்று சிலர் வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால், அவளைப்போல் கேள்வி கேட்கும் இன்னொருவராவது கதையில் வந்திருக்க வேண்டாமா?

இந்தக் குறை எனக்கு மட்டும் தோன்றியதன்று போலும். பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ 1966இல் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது, கிளாரிஸை உயிரோடு விட்டுவைத்தார். பின்னாளில் பிராட்பரியே இதை மேடை நாடகமாக எழுதியபோது, அவளை இறுதியில் திரும்ப வரவைத்தார். அந்த நாடகத்தைத்தான் நான் இப்போது நூலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.